கவிழவே கவிழாத கமடோர்

அத்தியாயம் 7

"பாஸ், ஒரே ஒரு நிமிஷம் எழுந்து நிக்கவா?"

"நின்னேன்னா அடுத்த நிமிஷம் மீனோட பேசிட்டு இருப்ப. உக்காரு."

பெர்சி லலோண்ட் உட்கார்ந்துதான் இருந்தான். எழுந்திருக்கும் ஆசையை மட்டும் இப்போது கைவிட்டான். கிளம்பும் முன் கரையில் அத்தனை காபியை மடமடவென்று குடித்திருக்கக் கூடாது. ஆகஸ்ட் கடைசி வெயிலில் டன்மோர் ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் வரை அசையாமல் கிடந்தது. சுற்றிலும் இவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு மனிதனை மட்டும் அடக்கிக்கொள் என்பது பெரிய அநியாயமாக அவனுக்குப் பட்டது.

அவனுக்குப் பின்னால், கனூ என்ற அந்த ஒடுக்கமான துடுப்புப் படகின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து சத்தமே வராமல் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தாள் ஐலி ரௌத்தியோ. தண்டர் பே என்ற ஊரின் பக்கத்தில் குடியேறிய ஃபின்லாந்துக்காரர்களின் வம்சம். நாற்பதைத் தாண்டியவள், துப்பறிவதுதான் தொழில். சிரிப்பதற்குக் கூலி கேட்பவள் என்று பெர்சி அவளைப் பற்றி வெளியே சொல்லிக்கொண்டு திரிவான். அவனை அவள் உதவியாளனாக வைத்திருந்தது அவன் மூளைக்காகவா வாய்க்காகவா என்று அவனுக்கே இன்றுவரை தெரியாது.

வழக்கு இதுதான். டன்மோர் ஏரி துடுப்புச் சங்கத்தின் வெள்ளிக் கோப்பை செவ்வாய்க்கிழமை காணாமல் போய்விட்டது. செப்டம்பர் தொடக்கத்தில், லேபர் டே விடுமுறைத் திங்கட்கிழமை நடக்கும் வருடாந்தரப் போட்டியில் ஜெயித்தவருக்குக் கொடுக்கும் கோப்பை அது. அன்றைக்குச் சங்கக் கட்டடத்துக்குள் போய்வந்ததாகப் பார்க்கப்பட்டவள் ஒருத்திதான். நோரீன் டக்கெட். எதிர்க்கரையில் படகுகளை வாடகைக்கு விடுபவள். பழுது பார்த்த துடுப்புகளைக் கொண்டுவந்து உள்ளே வைத்துவிட்டுப் போனாள். ஊர் வாய்க்கு அது போதாதா? அவள் படகுத்துறை இருப்பதோ சங்கத்தின் நிலத்தில். இன்று சாயங்காலக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கை தூக்கினால் துறை போய்விடும். துறை போனால் பிழைப்பும் போச்சு.

"நான் எடுக்கலை" என்று மட்டும்தான் நோரீன் ஐலியிடம் வந்து சொன்னாள். அழவில்லை, கையைப் பிடித்துக் கெஞ்சவும் இல்லை. ஐலி உடனே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"சரி பாஸ், நாம எதுக்கு இப்ப ஏரியைச் சுத்திட்டு இருக்கோம்? கோப்பை காணாம போனது கட்டடத்துக்குள்ள."

"கமடோர் போன வழியில போறோம்."

சங்கத் தலைவர் ஆர்ச்சிபால்ட் பெல்வுட்டுக்குப் பெற்றோர் வைத்த பெயர் மறந்து வெகுகாலம் ஆகிறது. கமடோர் என்று கடற்படைப் பட்டம் வைத்துக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். தொடர்ந்து ஆறு வருடமாகக் கோப்பை அவருக்குத்தான். ஒவ்வொரு கோடை தொடக்கத்திலும் உறுப்பினர்களை வரிசையாக உட்கார வைத்து ஒரு சொற்பொழிவு செய்வார். முதல் விதி, யாரும் தனியாகப் படகில் போகக் கூடாது. இரண்டாவது விதி, செத்தாலும் படகில் எழுந்து நிற்கக் கூடாது. அதோடு விடுவாரா? "நாப்பது வருஷத்துல ஒரு தடவைகூட நான் கவிழ்ந்ததில்ல" என்று நெஞ்சில் தட்டிக்கொண்டுதான் முடிப்பார். அந்தத் தட்டுக்குக் கைதட்ட வேண்டும் என்பது எழுதாத மூன்றாவது விதி.

செவ்வாய்க்கிழமை முழுக்கத் தானும் மச்சான் வெண்டெலும் சின்ன ஓட்டர் ஏரிக்குத் துடுப்புப் போட்டுப் போயிருந்ததாகவும், சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் அலமாரி திறந்து கிடந்ததாகவும் கமடோர் சொன்னார். வெண்டெல் தலையாட்டினான். அக்காள் வீட்டுப் படகுக் கொட்டகையில் வாடகை இல்லாமல் குடியிருப்பவன் வேறு எதை ஆட்டுவான்?

காலையில் உறுப்பினர்கள் நாலு பேர் எதிரில் வைத்து ஐலி, "உங்க படகையே ஒரு நாளைக்குத் தர முடியுமா கமடோர்?" என்று கேட்டபோது அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. மறுக்க வழியில்லை. தன் பச்சைப் படகை யாரையும் தொடவிடாத மனிதர் அன்று பல்லைக் கடித்துக்கொண்டு தலையசைத்தார்.

"பெர்சி, உன் முதுகுக்குப் பின்னாடி ஒருத்தன் உக்காந்திருக்கான்."

பெர்சி அலறித் திரும்பினான். படகு ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு வாய் தண்ணீரை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தது.

"யாரு?"

"இப்ப இல்ல. செவ்வாய்க்கிழமை உக்காந்திருக்கான். முன்னால பாரு, கரை வந்துடுச்சு. மிச்சத்தை அப்புறம் சொல்றேன்."

இரண்டு ஏரிகளுக்கும் நடுவே ஒரு காட்டுப் பாதை. அதில் படகைத் தலையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். தூக்கும் வேலை உதவியாளனுக்கு என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனாலும் ஐலி சாப்பாட்டுப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டாள். பெர்சி முதலில் ஒரு மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, புது மனிதனாகத் திரும்பி வந்து, படகைத் தலைக்கு மேல் ஏற்றினான். அதற்கப்புறம் உலகத்தில் அவன் கண்ணுக்குத் தெரிந்தது தன் செருப்பு மட்டும்தான்.

"பாஸ், இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"இடது பக்கமா, வலது பக்கமா?"

"மரம் இல்லாத பக்கம்."

அந்தப் பதில் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது. படகின் மூக்கு ஒரு பைன் மரத்தில் போய் மோதியது. பெர்சி மரத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு நடையைத் தொடர்ந்தான்.

சின்ன ஓட்டர் ஏரி கையளவுதான், ஆனால் ஆழம். தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. நடுவில் ஒரு லூன் பறவை முங்கிப்போய் எங்கோ தூரத்தில் எழுந்தது. படகைத் தண்ணீரில் இறக்கும்போது பெர்சியின் இரண்டு கால்களும் கணுக்கால் வரை கறுப்புச் சேற்றில் புதைந்தன. பெரிய ஏரிக் கரையெல்லாம் மணலும் பாறையும்தான். இந்தக் கறுப்புச் சேறு இங்கே மட்டும்தான் உண்டு.

"இப்ப உன் இருக்கைக்குப் பின்பக்கம் படகோட தரையைப் பாரு" என்றாள் ஐலி.

முன் இருக்கைக்குப் பின்னால், படகின் நடுப்பக்கமாக, இரண்டு குதிகால் தடங்கள். காய்ந்துபோன கறுப்புச் சேறு.

"சரி, யாரோ சேத்துக் காலோட ஏறியிருக்காங்க. இதுல என்ன?"

"நீ உக்காந்தா உன் கால் எந்தப் பக்கம் இருக்கும்?"

"முன்பக்கம்."

"இந்தக் கால் பின்பக்கம் இருக்கு. அப்படின்னா அந்த ஆள் உன் இருக்கையில பின்பக்கம் பார்த்து உக்காந்திருக்கான். ரெண்டு பேரா வந்தா மூஞ்சியும் மூஞ்சியும் பாத்துக்கிட்டா துடுப்புப் போடுவாங்க?"

பெர்சிக்கு மண்டையில் விளக்கு எரிய ஆரம்பித்தது. இந்தப் பக்கத்தில் பிறந்த எவனுக்கும் தெரிந்த விஷயம்தான் அது. இரண்டு பேர் போகும் படகில் ஒருத்தன் தனியாகப் போனால் கடைசி இருக்கையில் உட்கார மாட்டான். உட்கார்ந்தால் முன்பக்கம் வானத்தைப் பார்த்து எழுந்துவிடும். அதனால் படகையே பின்பக்கம் முன்னாகத் திருப்பிக்கொண்டு, முன் இருக்கையில் மாறி உட்காருவான். அப்போதுதான் பாரம் நடுவுக்கு வரும்.

"அப்ப வெண்டெல் வரவே இல்ல!"

"வரல. கமடோர் தனியா வந்திருக்காரு. தன்னோட முதல் விதியைத் தானே மீறியிருக்காரு."

"கூட வந்தவன் பொய், செவ்வாய்க்கிழமைக் கதையும் பொய். பாஸ், கோப்பையைத் திருடினது அவரேதான்! இங்கதான் எங்கயோ புதைச்சு வெச்சிருக்காரு!"

ஐலி படகில் ஏறித் துடுப்பை எடுத்தாள். எதிர்க்கரையில் ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த தட்டைப் பாறையை நோக்கிப் படகைச் செலுத்தினாள். சின்ன ஓட்டருக்கு வருகிறவர்கள் எல்லாரும் சாப்பிட உட்காரும் பாறை அது.

பாறையில் ஏறியதுமே பெர்சி மோப்பம் பிடிக்க ஆரம்பித்துவிட்டான். புளூபெரிப் புதருக்கடியில் கையை விட்டான். ஒரு பொந்தில் தலையை விட்டு, உள்ளே குடியிருந்த அணில் திட்டியதும் வெளியே எடுத்தான். தேவதாரு வேர்களுக்கடியில் நகத்தால் தோண்டினான். ஐலி அவனைத் தடுக்காமல் ஹாம் சாண்ட்விச்சைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள்.

"பாஸ், கொஞ்சம் உதவி பண்ணலாம்ல?"

"பண்ணிட்டுதான் இருக்கேன். அங்க ரெண்டு மரத்துக்கும் நடுவுல என்ன தெரியுது?"

ஒரு கயிறு கட்டியிருந்தது. இரண்டு முனையிலும் பார்த்தாலே கும்பிடத் தோன்றும் முடிச்சுகள். கமடோர் சங்கத்தில் வகுப்பெடுக்கும் அதே முடிச்சுகள்.

"கொடி மாதிரி இருக்கு. துணி காயப்போடுற கொடி."

"இங்க வா, இதையும் பாரு."

பாறையின் வெயில் விழும் சரிவில், ஒரு பள்ளத்துக்குள் காற்றில் பறக்காதபடி, தீக்குச்சிகள் வரிசையாகப் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் ஊறி உப்பிக் காய்ந்த தீப்பெட்டி ஒன்று வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மறந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"மூணு வாரமா ஒரு சொட்டு மழை இல்ல" என்றாள் ஐலி. "காடு பத்திக்கும்னு யாரும் தீ மூட்டக் கூடாதுன்னு தடை வேற போட்டிருக்காங்க. அப்படியிருக்க ஒருத்தரோட துணியும் தீப்பெட்டியும் எப்படிடா நனைஞ்சுது?"

பெர்சி வாயைத் திறந்தான். அதற்குள் தண்ணீரில் துடுப்புச் சத்தம் கேட்டது. கமடோர் தன் மனைவியின் சிவப்புக் கயாக்கில், ஒரே ஆள் உட்காரும் குட்டிப் படகில், மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். அந்த உடம்புக்கு அந்தக் கயாக் எந்த விதத்திலும் போதாது.

"நீங்க வழி தவறிடுவீங்களோன்னு வந்தேன்" என்றார், கரையேறிக்கொண்டே. சொல்லும்போதே அவர் கண் கொடிக்குப் போனது. அங்கிருந்து தீக்குச்சிகளுக்குப் போனது. அப்புறம் எங்கே போவது என்று தெரியாமல் ஐலியின் சாண்ட்விச்சில் வந்து நின்றது.

பெர்சி எழுந்தான். பல வருடமாக இந்த வசனத்துக்காகக் காத்திருந்தவன் அவன்.

"ஆட்டம் முடிஞ்சுது கமடோர்! வெண்டெல் வரல. நீங்க தனியா வந்தீங்க. கோப்பையைத் திருடினது நீங்கதான். எங்க புதைச்சு வெச்சிருக்கீங்க?"

கமடோர் கயாக்கை இழுத்துக் கரையில் போட்டார். பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தோள் இறங்கியது.

"ஆமா" என்றார். "நான்தான். திருடிட்டேன். ஒத்துக்கறேன்."

"பாத்தீங்களா பாஸ்!"

"எங்க கோப்பை?" என்றாள் ஐலி.

"வித்துட்டேன். டொரண்டோல. ஒரு ஆள்கிட்ட."

"ஆள் பேரு?"

"பேரா... கேக்கல. மீசை வெச்சிருந்தான்."

"கமடோர், உங்களுக்குப் பொய் சொல்லவும் வரல, திருடவும் வரல. உக்காருங்க."

உட்கார்ந்தார். பெர்சி மட்டும் நின்றுகொண்டிருந்தான், குற்றவாளியைக் கையில் பிடித்த பெருமையில்.

"பெர்சி, காலையில படகுல என்கிட்ட என்ன கேட்ட?"

"நானா? எழுந்து நிக்கவான்னு..." சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நின்றுவிட்டான். அவன் தலை மெதுவாகக் கமடோர் பக்கம் திரும்பியது. அவன் கண்கள் அகலமாகின. "ஐயோ. நீங்களுமா?"

கமடோரின் காது நுனி வரை சிவந்தது.

"காத்து இல்ல, அலை இல்ல" என்றாள் ஐலி. "நாப்பது வருஷம் துடுப்புப் பிடிச்ச கை. இந்த மாதிரி ஒருத்தர் அசையாத தண்ணியில கவிழணும்னா ஒரே வழிதான் இருக்கு. எழுந்து நிக்கணும். நடு ஏரியில ஒரு ஆம்பள எதுக்கு எழுந்து நிப்பான்னு நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. படகுல இருக்கற சேறு, கவிழ்ந்து எழுந்து திரும்பிப் போனப்ப பட்டது. கோப்பை உங்க காலடியில இருந்துது. இப்ப ஏரிக்கடியில இருக்கு. சரிதானா?"

கமடோர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"திருடன்னு சொல்லிக்கோங்க. போலீசுக்கு வேணும்னாலும் சொல்லுங்க. கவிழ்ந்தேன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

பெர்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினான். தன் முதல் கைது இப்படி ஊற்றிக்கொண்டதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

"கோப்பையை எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க?" என்று ஐலி கேட்டாள். இந்தத் தடவை அவள் குரலில் கறார் குறைந்திருந்தது.

"நோரீன் பயிற்சி பண்றதைப் பாத்தேன். தீவைச் சுத்தி வர்றா, தண்ணி அலுங்கல. இந்தத் திங்கக்கிழமை அவதான் ஜெயிப்பா. எனக்கே தெரிஞ்சு போச்சு. சரி, கடைசியா ஒரு நாள் கோப்பையோட தனியா வருவோம், இந்தப் பாறையில உக்காந்து அதுல ஒரு மடக்கு விஸ்கி குடிப்போம்னு நெனச்சேன். அவ்வளவுதாம்மா. பாறைக்கு வந்துகூடச் சேரல."

"அப்புறம் நோரீன் மேல பழி போட்டீங்க."

"நான் அவ பேரைச் சொல்லவே இல்ல!" என்று கமடோர் வேகமாக நிமிர்ந்தார்.

"சொல்லல. மத்தவங்க சொன்னப்ப இல்லைன்னும் சொல்லல."

ஐலி சாண்ட்விச் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"சாயங்காலம் கூட்டத்துல நான் பேசினா, கமடோர் கவிழ்ந்த கதை அடுத்த ஏரி வரைக்கும் போகும். நீங்களே பேசினா அது உங்க வாயிலேர்ந்து வந்ததா இருக்கும். எது வேணும்னு துடுப்புப் போட்டுக்கிட்டே யோசிங்க."

திரும்பும்போது காட்டுப் பாதையில் பெர்சி பச்சைப் படகைத் தூக்கப்போனபோது கமடோரே வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். கயாக்கைப் பெர்சி சுமந்தான். முகத்தை மறைத்துக்கொள்ள அந்தச் சமயத்தில் அவருக்கு ஒரு படகு தேவைப்பட்டது போலிருக்கிறது.

சங்கத்துத் தாழ்வாரத்தில் உறுப்பினர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். தட்டில் பட்டர் டார்ட் என்ற இனிப்புப் பலகாரம் சுற்றி வந்தது. நோரீன் படிக்கட்டுக்குக் கீழே, புல்லில், தனியாக நின்றாள். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "படகுத்துறை விஷயமா..." என்று ஆரம்பித்ததும் கமடோர் எழுந்தார்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு" என்றார். "கோப்பையை யாரும் திருடல. நான் எடுத்துட்டுப் போனேன்."

கசமுசவென்று பேச்சு எழுந்தது.

"தனியாப் போனேன்."

பேச்சு கொஞ்சம் கூடியது. வெண்டெல் தன் பட்டர் டார்ட்டை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கமடோர் கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். ஓடிப்போய்விடுவாரோ என்று பெர்சி பயந்தான். ஏனென்று தெரியாமல் அந்த நிமிடம் அவனுக்கு அவர் மேல் பாசமாகக்கூட இருந்தது.

"எழுந்து நின்னேன்" என்றார் கமடோர். "கவிழ்ந்துட்டேன்."

யாரோ ஒரு அம்மாள் "கடவுளே!" என்றாள். கோப்பை போனதற்குக்கூட அவள் அப்படிக் கத்தியிருக்க மாட்டாள். பின்வரிசையில் ஒருத்தர் க்ளுக்கென்று சிரித்தார். பிறகு இன்னொருத்தர். அப்புறம் தாழ்வாரமே குலுங்கியது. கமடோர் அசையாமல் நின்று அத்தனையும் வாங்கிக்கொண்டார். செயலாளர் அவசர அவசரமாக, படகுத்துறை விஷயத்தை எடுக்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டுக் கொசுவலைப் பேச்சுக்குத் தாவினார்.

அதற்குள் ஐலி கீழே இறங்கிப்போய் நோரீன் காதில் ஏதோ சொன்னாள். நோரீன் படியேறி வந்தாள். சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

"மூணு நாளா என் பொண்ணை யாரும் நீச்சலுக்குக் கூப்பிடல, ஆர்ச்சி" என்றாள். "அம்மா நீ எடுத்தியான்னு என்கிட்டயே கேட்டா. நீங்க தினம் என் துறைப் பக்கமா வந்தீங்க. கையை ஆட்டிட்டுப் போனீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"தெரியும்" என்றார் அவர். "மன்னிச்சுடும்மா."

"அதுக்கு நாள் ஆகும்."

அவர் தலையாட்டினார்.

"அந்தக் கோப்பையை எதுக்கு எடுத்துட்டுப் போனீங்கன்னு ஐலி சொன்னாங்க" என்றாள் நோரீன். "திங்கக்கிழமை எங்க ஓடலாம்னு பாக்கறீங்க? காய்ச்சல்னு படுத்துக்கலாம்னா?"

கமடோர் அப்படித்தான் நினைத்திருந்தார் என்பது அந்த முகத்தைப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது.

"ஓடக் கூடாது. கோப்பை இருந்தாலும் இல்லாட்டியும் போட்டி நடக்கும். நீங்க வரணும். என் பக்கத்துல நின்னு கிளம்பணும். இந்த ஊரு முழுக்க, என் பொண்ணு உட்பட, கரையில நின்னு பாக்கணும்." நோரீன் ஒரு மூச்சு விட்டாள். "பாதியில விடாம, கடைசி வரைக்கும் துடுப்புப் போட்டு, என்கிட்டத் தோக்கணும்."

"வர்றேன்" என்றார் ஆர்ச்சிபால்ட் பெல்வுட்.